நீளம், அகலம், ஆழம்

‘காயத்தின் நீளம்’ என்று அச்சடித்திருந்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நேசையாவுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டம் அகலத்துக்கு, அதற்கடுத்தது ஆழத்துக்கு. மூன்றும் காலியாக இருந்தன. எதிரே பெஞ்சில் வண்டிக்காரன் பிச்சைக்கண்ணு இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வயிற்றில் பலமாக அடிபட்டிருந்தது. ஆனால் வயிற்றின் மேல் ஒரு கீறல் இல்லை, ஒரு கன்றல்கூட இல்லை.

நேசையா பேனாவை மசியில் தோய்த்தார். யோசிப்பதற்குள் மசி காய்ந்துவிட்டது. மறுபடி தோய்த்தார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்துப் பங்குனி மாதம். பிசானம் அறுவடை முடிந்து நெல் வண்டிகள் திருநெல்வேலி டவுணுக்கு வந்துகொண்டிருந்தன. பிச்சைக்கண்ணு ஆழ்வார்குறிச்சியிலிருந்து பன்னிரண்டு மூட்டை ஏற்றி வந்திருந்தான். ரதவீதியில் ஒரு சேலை எடுக்க வேண்டும் என்று அவன் மனைவி முத்துமாலையும் கூட வந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டையும் ஊரில் அவள் அக்காவிடம் விட்டிருந்தாள்.

அடி பட்ட விதத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மாட்டு வண்டி என்பது அடிப்படையில் ஒரு தராசு. நடுவில் அச்சு, முன்னால் நுகத்தடி, அச்சுக்கு முன்னும் பின்னும் பாரம். மாடுகளை அவிழ்த்துவிட்டால் முன்பக்கத்து மூட்டைகள் நுகத்தடியைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கும். ஆகையால் பாரத்தை எப்போதும் பின்னாலிருந்துதான் இறக்க வேண்டும். எந்த வண்டிக்காரனுக்கும் இது தெரியும். மண்டிக்காரர் நமச்சிவாயத்துக்கும் தெரியும். ஆனால் அன்று அவருடைய கடை வாசல் வண்டியின் முன்பக்கத்துக்கு நேராக இருந்தது. கிட்டத்தில் இருப்பதை முதலில் இறக்கச் சொன்னார். சுமைக்காரர்கள் நான்காவது மூட்டையைத் தூக்கியபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. நுகத்தடி மேலே பாய்ந்தது. நுகத்தில் இறுகியிருந்த கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பிச்சைக்கண்ணு அதன்மேல் குனிந்துகொண்டிருந்தான்.

இனி வயிறு. வயிற்றுத் தோல் ஒரு சாக்கு மாதிரி. சாக்கில் மண்பானையைக் கட்டிக் கல்லில் மோதினால் சாக்குக்கு ஒன்றும் ஆகாது, பானை உடைந்துபோகும். இடது விலாவுக்குள்ளே மண்ணீரல் இருக்கிறது. அது நனைந்த வெல்லக்கட்டி போல் சுலபமாகப் பிளந்துகொள்ளும். மலையடிவாரத்தில் குளிர்காய்ச்சல் கண்டு கண்டு வளர்ந்தவர்களுக்கு அது சாதாரண அளவைவிடப் பெரிதாகவும் இருக்கும். பிளந்தால் ரத்தம் வெளியே வராது. உள்ளேயே சேரும். ஆள் பேசிக்கொண்டிருப்பான், தண்ணீர் கேட்பான், கொஞ்சம் வெளுப்பான். இதையெல்லாம் நேசையா அறிவார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்து, பதினாறு வருஷம் கட்டுக் கட்டிய மனிதர். அவர் அறியாதது அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒன்றுதான்.

அந்த ஆஸ்பத்திரி தாமிரபரணிக் கரையில் இருந்தது. அதன் பெயர் இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. அதில் இருபத்திரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளைச் சாயத்தில் நம்பர். இரண்டு ரிஜிஸ்தர்கள் இருந்தன. சிவப்பு அட்டை போட்டது காயங்களுக்கு. நீல அட்டை போட்டது நோய்களுக்கு. இரண்டில் ஒன்றில் ஒருவனுடைய கட்டங்கள் எல்லாம் நிரம்பினால்தான் அவனுக்குக் கட்டில் நம்பர் கிடைக்கும். ரிஜிஸ்தர்கள் குமாஸ்தா கோபாலசுப்பிரமணியனின் பொறுப்பில் இருந்தன. வீட்டுக்குப் போகும்போது பட்டுத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போவார்.

“காயம் எங்கே ஓய்?” என்று கேட்டார் குமாஸ்தா.

“உள்ளே இருக்கு சாமி. வெளியே தெரியாது.”

“தெரியாததை எப்படி அளக்கறது?”

“அளக்க முடியாது.”

“அளக்க முடியலைன்னா அது காயம் இல்லையே. நான் சொல்லலை, ரிஜிஸ்தர் சொல்றது. ‘அங்குலத்தில்’னு அச்சடிச்சிருக்கான், நீரே பாரும்.”

முத்துமாலை முன்னால் வந்தாள். “சாமி, அடிச்சது நெசம். நான் கண்ணால பாத்தேன். நுகத்தடி மட்டுனு வந்து நெஞ்சுக்குக் கீழ ஏறிச்சு. பெறவு அவிய உக்காந்துட்டாவ.”

“அடிச்சது நிஜம்தாம்மா. அதை யாரு இல்லேங்கறா? பட்டதுக்கு அத்தாட்சி வேணும்.”

“பட்ட ஆளு இருக்காவள்லா.”

“ஆள் அத்தாட்சி ஆகமாட்டான்” என்றார் குமாஸ்தா, வருத்தத்தோடு. அவர் கெட்டவர் அல்ல.

நீல ரிஜிஸ்தர் இருந்தது. அதில் தொண்ணூற்று நான்கு நோய்கள் வரிசையாக அச்சடிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மருந்து போட்டிருந்தது. இது நல்ல ஏற்பாடு. யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பிச்சைக்கண்ணுவுக்குப் பொருந்துகிற ஒரே வரி ‘வயிற்றுவலி’. அதற்கு எதிரே ‘விளக்கெண்ணெய் ஒன்றரை அவுன்ஸ், உடனே’ என்று இருந்தது.

“அது கூடாது” என்றார் நேசையா. “உள்ளே கிழிஞ்சிருக்கிற வயித்தை விளக்கெண்ணெய் போட்டுக் கலக்கினா ஆள் போயிருவான்.”

“அப்போ நோயும் இல்லை, காயமும் இல்லை. அப்படின்னா இவர் நோயாளியே இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்.”

“யாரைப் பாக்க வந்திருக்காரு?”

குமாஸ்தா சற்று யோசித்தார். “தன்னைத்தான். பார்க்க வந்தவா பன்னிரண்டு மணி வரைக்கும் பெஞ்சில் இருக்கலாம்.”

எனவே பிச்சைக்கண்ணு தன்னைப் பார்க்க வந்தவனாக வராந்தாப் பெஞ்சில் படுக்கவைக்கப்பட்டான். நேசையா கையைத் தேய்த்துச் சூடாக்கி அவன் வயிற்றின் மேல் வைத்தார். குளிர்ந்த கை பட்டால் நல்ல வயிறும் இறுகிக்கொள்ளும், அதனால்தான் சூடாக்குவது. வலது பக்கம் இளகிக் கொடுத்தது. இடது பக்கம் பலகை மாதிரி நின்றது. அடுத்து ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டினார். பதநீர்ப் பானையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே வெளியே தட்டிக் கண்டுபிடிப்பதில்லையா, அதே முறைதான். காலி இடம் ‘டம் டம்’ என்னும். நிறைந்த இடம் சத்தம் கொடுக்காது. பிச்சைக்கண்ணுவின் இடது விலாப்புறம் சத்தம் கொடுக்கவில்லை.

“என்ன சொல்லுது?” என்றாள் முத்துமாலை.

“நெறையுதும்மா.”

“தண்ணி கேக்காவ.”

“குடுக்காதே. துணியை நனைச்சு உதட்டுல வை, போதும். இன்னொரு காரியம். இவன் அரைஞாண் கயித்துக்குள்ள இப்ப எத்தனை விரல் நுழையுதுன்னு பாரு.”

அவள் நுழைத்துப் பார்த்தாள். “ரெண்டு. பைய விட்டா மூணு.”

“அரை மணிக்கு ஒருக்கா பாத்துச் சொல்லு.”

நேசையா ஆபீசுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியை எண்ணினார். எண்பத்து நான்கு. இதை எழுதிவைக்க வேண்டும். ஒரு முறை எண்ணிய நாடியால் ஒரு பயனும் இல்லை. அடுத்தடுத்து எண்ணி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் இரண்டு ரிஜிஸ்தரிலும் நாடிக்குக் கட்டம் இல்லை. வெந்நீர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து வராந்தாத் தூணில் ‘84’ என்று எழுதினார். பத்து மணிக்கு அதன் கீழே ‘92’ என்று எழுதினார்.

“ஓய், தூண் மராமத்து இலாகாவுக்குச் சொந்தம்” என்றார் குமாஸ்தா.

“அழிச்சிருதேன் சாமி, பெறவு.”

பத்தரைக்குப் பெரிய டாக்டர் சிவசைலம் வந்தார். இவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: கத்தியைப் பிடித்தால் அவர் கைக்கு இந்த ஜில்லாவில் இணை கிடையாது. கட்டியோ கல்லோ, எதுவானாலும் எடுத்து, தைத்து, தையல் தெரியாமல் செய்துவிடுவார். ஆனால் நாலு மாதமாக அவர் கத்தி பிடிக்கவில்லை. கட்டங்கள் நிரம்பிய நோயாளி யாரும் வெட்டத் தகுந்த விதத்தில் அமையவில்லை. அந்த நாலு மாதமும் அவருடைய விரல்கள் மேசை விளிம்பில் தாமாகவே தையல் போட்டுக்கொண்டிருந்தன.

நேசையா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். “மண்ணீரலாத்தான் இருக்கும்வே” என்றார். “திறந்தாத் தெரியும். சரி, காயத்தைத் தேடுவோம்.”

காயம் தேடுவதற்கு ஒரு விதி இருந்தது. உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்காலில் முடிக்க வேண்டும். பெரிய டாக்டர் அளவுநாடாவைப் பிடிக்க, குமாஸ்தா ரிஜிஸ்தரைப் பிடிக்க, பியூன் பூதக்கண்ணாடியைப் பிடிக்க, தேடல் தொடங்கியது. அரை மணி நேரத்தில் நான்கு கிடைத்தன. இடது தோளில் அம்மை குத்திய வடு. வலது முழங்காலில் சின்ன வயதில் விழுந்த வடு. கெண்டைக்காலில் நாய் கடித்தது, ஏழு வருஷம் முந்தியது. குதிகாலில் புதிதாக ஒரு முள் குத்து, அரைக்கால் அங்குலம்.

“இந்தா இருக்குவே காயம்” என்றார் பெரிய டாக்டர். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அது எப்போ குத்தினது?” என்று கேட்டார் குமாஸ்தா.

“நேத்து, சேரமாதேவி பக்கத்துல” என்றான் பிச்சைக்கண்ணு, கண்ணைத் திறக்காமல்.

“சம்பவம் இன்னிக்குக் காலம்பற. காயம் நேத்து. ஒத்துவராது.”

“முள்ளுக்காகவே சேத்துக்கலாம்லா சாமி” என்றார் நேசையா. “கட்டில் கிடைச்சாப் போதும்.”

“தாராளமா. ஆனா அது கால் வார்டு. அங்கே படுக்கறவாளுக்கு முழங்காலுக்கு மேலே வைத்தியம் கிடையாது.”

நாய்க்கடிக்குத் தனிப் படிவம் உண்டு. ஏழு வருஷமாக ஆள் சாகாததற்கு அதில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். இதற்குள் தூணில் ‘104’ ஏறியிருந்தது.

“ரெண்டு விரல் நுழையல. ஒண்ணுதான்” என்றாள் முத்துமாலை.

காயம் கிடைக்காவிட்டால் ஆயுதத்தையாவது பார்ப்பது என்று முடிவாகியது. ஆள் அனுப்பினார்கள். பதினொன்றே முக்காலுக்கு நமச்சிவாயம் தம்முடைய ஆட்கள் இருவர் தோளில் நுகத்தடியைச் சுமந்துவர, தாம் குடை பிடித்து வந்து சேர்ந்தார்.

குமாஸ்தாவின் முகத்தில் அன்று முதன்முதலாக நிம்மதி தெரிந்தது. நுகத்தடிக்கு எல்லாம் இருந்தது. நீளம் ஐந்தடி இரண்டு அங்குலம். அகலம் நான்கு அங்குலம். ஆழம், அதாவது கனம், மூன்றரை. மூன்று கட்டங்களும் அழகாக நிரம்பின. சிவப்பு ரிஜிஸ்தரில் அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்து, அரக்கு வைத்து, சீட்டுக் கட்டி, வெயில் படாத இடமாகப் பார்த்து, உள் வார்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தார்கள். பியூன் காவலுக்கு நின்றான். நமச்சிவாயத்துக்கு ரசீது கொடுக்கப்பட்டது.

“அடிச்ச கட்டைக்கு எடம் கிடைச்சிட்டு” என்றாள் முத்துமாலை. “அடிபட்ட மனுசன் பெஞ்சுல கெடக்காவ. நானும் ஒரு கட்டையத்தான் கட்டிருக்கணும்.”

நமச்சிவாயம் செருமிக்கொண்டார். “நான் அவசரத்துலதான்மா முன்மூட்டையை இறக்கச் சொன்னேன். பிச்சைக்கண்ணு, மனசுல வச்சுக்கிடாதேடே.”

“வயித்துலதான் வச்சிருக்கேன் அண்ணாச்சி” என்றான் அவன்.

பன்னிரண்டு அடித்தது. பார்க்க வந்தவர்கள் வெளியேற வேண்டிய நேரம். குமாஸ்தாவுக்கு அவனை வெயிலில் வெளியேற்ற மனம் வரவில்லை. ஆகவே, வேறு வழியில்லாமல், தாற்காலிகமாக நீல ரிஜிஸ்தரில் ‘வயிற்றுவலி’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். பென்சில் குறிப்புக்குக் கட்டில் கிடையாது, பெஞ்சு உண்டு; அவரைப் பொறுத்தவரை அது பெரிய இரக்கம். ஆனால் கம்பவுண்டர் பென்சிலுக்கும் பேனாவுக்கும் வித்தியாசம் பார்ப்பவர் அல்ல. கால் மணி நேரத்தில் ஒன்றரை அவுன்ஸ் விளக்கெண்ணெய் வந்துவிட்டது.

முத்துமாலை நேசையாவைப் பார்த்தாள். நேசையா மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவள் கம்பவுண்டரிடமிருந்து கிளாசை வாங்கி, “நான் குடுக்கேன் ஐயா, நீங்க போங்க” என்றாள். வண்டி அச்சுக்குப் போடும் எண்ணெய்த் தகரத்தைத் தன் துணிமூட்டையிலிருந்து எடுத்து அதில் ஊற்றிக்கொண்டாள். கம்பவுண்டர் காலிக் கிளாசைப் பார்த்து ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதினார். அரை மணி கழித்து இரண்டாவது கிளாஸ் வந்தது. அதுவும் அச்சுக்குப் போயிற்று.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பெரிய டாக்டர் வராந்தாவில் நின்று சிப்பந்திகளுக்குச் சில வார்த்தைகள் சொல்வது வழக்கம். அன்று பெஞ்சைப் பார்த்தபடியே பேசினார்.

“நான் இங்க வந்து பதினோரு வருஷம். இந்தப் பதினோரு வருஷத்துல உள்காயத்தினால இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூடச் செத்ததில்ல. வருஷா வருஷம் மேலிடத்துக்கு எழுதுதோம், பூஜ்யம். மத்த ஜில்லாவுல எல்லாம் பத்து, பதினஞ்சு போகுது. எப்படிவே உங்களுக்கு மட்டும் முடியுதுன்னு கேக்காங்க. நான் சொல்லுவேன்: எங்க ரிஜிஸ்தர்ல உள்காயத்துக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இருந்தாத்தானே அதுல ஆள் விழுவான்.”

சிப்பந்திகள் தலையாட்டினார்கள்.

“இப்படி அடிபட்டு வந்தவிய எல்லாம் என்ன ஆனாவ?” என்று கேட்டாள் முத்துமாலை.

“அவங்க வயித்துவலியில போயிருக்காங்க. வயித்துவலிக்கு நாங்க பொறுப்பில்ல தாயி. அது சாப்பாட்டுக் கோளாறு.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னொண்ணும் உண்டு. உங்க மலையடிவாரத்து ஆளுகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கு. வீங்கின மண்ணீரலை வச்சுக்கிட்டு நுகத்தடிக்கு முன்னால குனியலாமா? அளவான மண்ணீரல் உள்ளவனுக்காகத்தான் சர்க்கார் ஆஸ்பத்திரி கட்டியிருக்கு.”

“சரி, அவிய வீக்கத்த ஊர்ல வச்சிட்டு வந்திருக்கணும்” என்றாள் அவள்.

பெரிய டாக்டர் அதை ஒப்புக்கொண்ட மாதிரி தலையசைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒரு மணிக்குத் தூணில் ‘120’. அப்போது பிச்சைக்கண்ணு புதிதாக ஒன்று சொன்னான்.

“ஏட்டி, இடது தோள்பட்டை வலிக்கு.”

“தோளுல அடி படலியே.”

“படல. ஆனா அங்கனதான் வலிக்கு.”

குமாஸ்தா ஆர்வத்தோடு எழுந்தார். தோள்வலி நீல ரிஜிஸ்தரில் அறுபத்தோராவது வரி, தைலம் உண்டு. நேசையா அவரைக் கையமர்த்தினார். அவர் முகம் மாறியிருந்தது. இந்தத் தோள்வலி விசித்திரமானது. கோயில் மணியின் கயிறு கீழே இருக்கிறது, மணி மேலே அடிக்கிறது. அதுபோல, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள திரையில் ரத்தம் போய்த் தேங்கினால், திரைக்கு வரும் நரம்பே மேலே தோளுக்கும் போவதால், தோளில் வலிக்கும். தோளில் ஒன்றும் இருக்காது. கயிற்றை இழுப்பது வயிறு.

“ஐயா, நேராச் சொல்லுங்க” என்றாள் முத்துமாலை. “எவ்வளவு நேரம் இருக்கு?”

நேசையா தூணைப் பார்த்தார். “இந்த நாடி நூத்தி நாப்பது போயிட்டா, திறந்தும் பிரயோசனம் இல்லம்மா. இப்ப திறந்தாப் பொழைப்பான். ஒரு மணி நேரம். கூடினா ஒன்றரை.”

“திறக்க யாரு வேணும்?”

“அவரு வேணும். அவரு கட்டில்ல கிடக்கிறவங்களுக்குத்தான் கத்தி எடுப்பாரு. கட்டிலுக்கு ரிஜிஸ்தர் வேணும். ரிஜிஸ்தருக்கு நீளம் வேணும்.”

அவள் எழுந்து வராந்தாவில் நடந்தாள். ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனாள். வார்டு வாசலில் நின்று கட்டில்களைப் பார்த்தாள். ஒன்று முதல் இருபத்திரண்டு வரை வெள்ளை நம்பர்கள். எண்கள் மட்டும் அவளுக்குப் படிக்கத் தெரியும். ஓரத்தில் சாய்ந்திருந்த தங்கள் நுகத்தடியைப் பார்த்தாள். அதற்கும் சீட்டில் ஒரு நம்பர். வார்டை அடுத்து ஆபரேஷன் அறை. கதவு திறந்திருந்தது. தோட்டி ஒருவன் நடுவில் கிடந்த நீள மேசையைக் கார்பாலிக் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தான். தினமும் துடைக்க வேண்டும் என்பது விதி. நாலு மாதமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அவள் மேசையின் தலைமாட்டைப் பார்த்தாள், கால்மாட்டைப் பார்த்தாள், குனிந்து அடியிலும் பார்த்தாள். நேரே குமாஸ்தாவிடம் போனாள்.

“சாமி, எல்லாக் கட்டில்லயும் நம்பர் போட்டிருக்கு. அந்த மேசையில ஏன் போடல?”

“மேசைக்கு எதுக்கும்மா நம்பர்? கட்டிலுக்குத்தான் நம்பர்.”

“அப்பம் நம்பர் இல்லாததுல படுக்க ரிஜிஸ்தர் வேண்டாம்லா?”

அந்த ஆஸ்பத்திரியில் மேசைக்குப் போன ஒவ்வொருவரும் கட்டிலிலிருந்துதான் போயிருந்தார்கள். அதனால் கட்டில் வழியாகத்தான் மேசைக்குப் போக முடியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது வழக்கம். விதி என்ன சொல்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. குமாஸ்தா விதிப்புத்தகத்தைப் பிரித்தார். கட்டில் பற்றிப் பதினேழு பக்கம் இருந்தது. மேசை பற்றி, தளவாடங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: ‘மேசை ஒன்று, தினமும் துடைக்கவும்.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“ஓய் நேசையா” என்றார் மெல்லிய குரலில். “பெஞ்சிலிருந்து மேசைக்குப் போகப்படாதுன்னு இதில் இல்லை.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நேசையாவும் தோட்டியும் பெஞ்சைப் பிச்சைக்கண்ணுவோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். பெஞ்சும் தளவாடம்தான், ஒரு தளவாடத்தை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதற்குக் கட்டுப்பாடு இல்லை.

பெரிய டாக்டர் மோர்ச்சோற்றில் இருந்தார். பியூன் ஓடிப்போய்ச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசையில் ஆள் கிடப்பதைப் பார்த்தார். அவருடைய விரல்கள் அசைய ஆரம்பித்தன.

“இந்த ஆளு எந்தக் கட்டில்?”

“எந்தக் கட்டிலும் இல்ல. மேசையிலதான் இருக்கான்” என்றார் நேசையா. “நாடி நூத்தி இருபத்தி நாலு.”

குமாஸ்தா ரிஜிஸ்தரை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார். கடைசியாக ஒரு சந்தேகம் அவருக்கு. “காயமே இல்லாத ஆளை எந்தக் கணக்கில் வெட்டறது?”

பெரிய டாக்டர் கத்தியைக் கையில் எடுத்திருந்தார். அதன் விளிம்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “வெட்டினா காயம் வந்துரும்லாவே.”

“அளக்கிற காயம்” என்றார் நேசையா.

குமாஸ்தாவின் முகம் பைய விடிந்தது. “அப்படின்னா ஒரே கோடா, நேரா வெட்டும். எனக்கு அளக்கச் சௌகரியமா இருக்கும்.”

நேசையா துணியை முகத்தின் மேல் பிடித்துக் குளோரபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு மூச்சு. மூச்சு தவறினால் சொட்டு நிற்கும். பெரிய டாக்டர் நேராக ஒரு கோடு வெட்டினார். உள்ளிருந்து ஒரு படிக்குக் குறையாமல் ரத்தம் வந்தது. அவர் கையை உள்ளே விட்டு, பார்க்காமலே, மண்ணீரலின் காம்பைப் பிடித்து நசுக்கினார். ஊற்று நின்றது. வாய்க்காலில் உடைப்பெடுத்தால் தண்ணீரை இறைப்பதற்கு முன் மடையை அடைப்பதில்லையா, அந்த வரிசைதான். பிறகு காம்பைப் பட்டு நூலால் இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டி, மூன்று அங்குலம் பிளந்திருந்த மண்ணீரலை எடுத்துப் பீங்கானில் வைத்தார். இளஞ்சூடான உப்புநீரைத் தொடையில் ஏற்றினார்கள். கடைசியில் அவர் அடுக்கடுக்காகத் தைத்து மூடினார். அவருடைய வாழ்க்கையில் அவர் உருப்படியாக இருந்தது கத்தி பிடித்த நேரங்களில்தான்.

நாலு மணிக்கு நாடி நூற்றுப் பதினாறு. விளக்கு வைக்கும் வேளைக்கு நூற்று நாலு. நேசையா தூணில் எழுதினார். முத்துமாலை அந்த எண்களைப் படித்துவிட்டு, தூணுக்குக் கீழே உட்கார்ந்து, அன்று முதன்முதலாக அழுதாள்.

குமாஸ்தா சிவப்பு ரிஜிஸ்தரை நிரப்பினார். நீளம் ஒன்பது அங்குலம். அகலம் அரை அங்குலம். ஆழம் மண்ணீரல் வரை. ஆயுதம், கத்தி. காயம் உண்டாக்கியவர், டாக்டர் சிவசைலம். தற்செயலா வேண்டுமென்றா என்ற கட்டத்தில் ‘வேண்டுமென்றே’. பிச்சைக்கண்ணுவுக்கு ஒன்பதாம் நம்பர் கட்டில் கிடைத்தது. கத்தியை அரக்கு வைத்து நுகத்தடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

இத்தனை நீளமான வெட்டுக்காயத்தைப் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருக்கக் கூடாது. மறுநாள் ஒரு ஏட்டு வந்தார். ரிஜிஸ்தரைப் படித்தார். முத்துமாலையைக் கூப்பிட்டார்.

“வெட்டினவருக்கும் உன் புருசனுக்கும் முன்விரோதம் உண்டா?”

“காலையில இருந்துதான்” என்றாள் அவள்.

ஏட்டு அதை எழுதிக்கொண்டு போனார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் பிச்சைக்கண்ணு எழுந்து நடந்தான். நமச்சிவாயம் மாடுகளைக் கொழுக்க வைத்திருந்தார்; வண்டியையும் ஒரு சேலையையும் கொண்டுவந்து கொடுத்தார். நுகத்தடியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். முத்துமாலை தகரத்திலிருந்து மூன்று அவுன்ஸ் விளக்கெண்ணெயையும் அச்சில் விட்டாள். வண்டி சத்தமில்லாமல் ஆழ்வார்குறிச்சிக்குப் போயிற்று.

அன்று பிற்பகல் குமாஸ்தா ஒரு தூரிகையும் வெள்ளைச் சாயமும் எடுத்துக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போனார். இவ்வளவு உபகாரம் செய்த மேசையை நம்பர் இல்லாமல் விட அவருக்கு மனமில்லை. இருபத்து மூன்று என்று போட்டுக் கௌரவிக்க நினைத்தார். நேசையா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் எடுத்துச் சொன்ன பிறகு குமாஸ்தாவுக்குப் புரிந்தது. அந்தச் சாயத்தைக் கொண்டே நேசையா கதவின் உள்பக்கம் இவ்வாறு எழுதிவைத்தார்:

வயிற்றில் அடிபட்டு, மேலே காயமில்லாமல் வருகிறவரை மேசையில் படுக்கவைக்கவும். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். கால் மணிக்கு ஒரு முறை நாடியை எண்ணித் தூணில் எழுதவும். ஒவ்வொரு முறையும் அதே ஆள் அதே கையால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும். ஒரு நாள் முழுதும் எண்ணிக்கை ஏறாமலும் வயிறு இறுகாமலும் இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். ஏறினால் பெரிய டாக்டரைக் கூப்பிடவும். நீளத்தை அவர் வெட்டிய பிறகு அளந்துகொள்ளலாம். மேசைக்கு நம்பர் எழுதக் கூடாது.